கோடை மலையும் கொடை மனமும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழனி மலைச் சாரலில் கிறித்தவத் தொண்டின் அழைப்பு எவ்வாறு கேட்கப்பட்டது என்பது பற்றிப் பேச வேண்டும் என விழாக் குழுவினர் பணித்தபோது சற்றே தயங்கினேன். நான் அச்சமயத்தைச் சார்ந்தவள் அல்லள். கிறித்தவப் பள்ளியொன்றில் அரிச்சுவடி பயின்றவள் என்பதே எனக்குள்ள தொடர்பு. ஆயினும் புறநானூற்றின் கொடைப் பாடல்களை முனைவர் பட்டத்திற்கு ஆய்ந்தவள் என்ற முறையில் ஒரு வாசல் எனக்குத் திறந்திருக்கிறது. அவ்வாசல் வழியாகவே உள்ளே வருகிறேன், பொறுத்தருள்க.

பழனியின் பழம்பெயர் பொதினி. அம்மலை நாட்டை ஆண்ட ஆவியர் குடித் தோன்றல் வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு. மயிலின் நடுக்கத்தைக் கண்ட அவன் தன் இல்லத்தில் கலங்கி நின்ற மனைவி கண்ணகியைக் காணவில்லை. சிலம்பின் கண்ணகி வேறு, இவள் வேறு. அவளைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்த அவனைக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என நான்கு புலவர்கள் சென்று பாடினார்கள். பொன்னும் பொருளும் எங்கட்கு வேண்டா; இன்றே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்பது அவர்கள் கேட்டதன் சாரம். தமக்கென்று ஒன்றும் கேளாமல், குரலற்ற ஒருத்திக்காக வள்ளலின் வாயிலில் நின்றார்கள். புலவர்க்கும் ஒரு பணி உண்டென்பதற்கு இதனினும் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அதே மலைத்தொடரின் மற்றொரு முகம் கோடை மலை. இன்றைய கொடைக்கானல் பகுதியே அது என்பர். கோடைப் பொருநன் எனப் பெற்ற கடிய நெடுவேட்டுவன் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது பெருந்தலைச் சாத்தனார் அவன் முகத்துக்கு நேரே சொன்ன கருத்து இது: செல்வம் முதிர்ந்த மூவேந்தரே ஆயினும், விருப்பமின்றித் தருவாராயின் அக்கொடை எமக்கு வேண்டா. கொடுக்கும் பொருளைவிடக் கொடுக்கும் முகத்தைப் பார்க்கும் இந்த நோக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கழித்து அது மீண்டும் நம் உரையில் வரும்.

சொற்களைப் பற்றிச் சிறிது. கத்தோலிக்கத் தமிழர் 'அருட்பணி' என்பர். சீர்திருத்தச் சபையார் 'ஊழியம்' என்பர். பணி என்னும் சொல்லுக்குத் தொழில், தொண்டு, அணிகலன் எனப் பல பொருள்கள், பணிதல் குனிதல். சீடரின் கால்களைக் கழுவ இயேசு துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்தார் என்று யோவான் எழுதிய நற்செய்தி சொல்கிறதே, அந்தக் குனிதலும் தொண்டும் தமிழில் ஒரே வேரில் நிற்கின்றன. 'ஊழியம்' என்ற சொல்லின் வரலாறோ கசப்பானது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களிடம் ஊதியமின்றி வாங்கப்பட்ட கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். எந்தச் சொல் சுமையாகத் தலைமேல் ஏற்றப்பட்டதோ, அதே சொல் விரும்பி ஏற்கும் தொண்டுக்கு ஆகிவந்தது. ஆகிவந்ததா, ஏற்றப்பட்ட சுமை இறங்கியதா என்ற ஐயம் எனக்கு உண்டு. அந்த ஐயம்தான் என்னைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் செல்கிறது.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளைத்து வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திய டேனியல் பூவர் சில ஆண்டுகள் மதுரையிலும் பணியாற்றினார். சமவெளியின் காய்ச்சலும் வாந்திபேதியும் அவ்வந்தேறிகளை வாட்டின. மனைவியரை, பச்சிளங்குழந்தைகளை இழந்த குடும்பங்கள் பல. முதலில் சிறுமலையில் இடம் தேடினர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் எழுந்தன. இன்று நாம் காணும் நகரத்தின் தொடக்கம் அதுவே. ஏரி பின்னர் வந்தது. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சு 1863-இல் அதனை அமைத்தார்.

மோட்டார் சாலை 20-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் வந்தது. அதுவரை மலையேறியது எப்படி? பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நடக்க இயலாதவர்கள் நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்தார்கள். நம்மவர்கள் தோளில் சுமந்தார்கள். பெட்டி, படுக்கை, புத்தகம் அனைத்தும் தலைச்சுமையாகவே மேலே போயின. மலையேறிய ஐரோப்பியர், அமெரிக்கர் பலரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. சுமந்த ஒருவரின் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் புதைத்த தாய் குளிர்ந்த காற்றைத் தேடினாள் என்றால் அவளைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் தொண்டு செய்ய வந்தவர்களுக்கு முதலில் தொண்டு செய்தவர்கள் அந்தப் பெயரற்ற சுமையாளர்களே என்பதை வரலாறு எழுதுவோர் ஒரு வரியிலேனும் பதிந்திருக்கலாம். கால் கழுவும் காட்சியில் யார் குனிந்தவர் என்பதே கேள்வி.

இக்கேள்வியை உலக மேடையில் எழுப்பியவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் பேசினார். அப்போது அவருக்கு 35 வயது. நீங்கள் உடைமைகளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள். ஆனால் எங்களுக்கு வேண்டுவது நட்பு என்ற கருத்துப்பட அவர் பேசியபோது அவையில் பலர் முகம் சுளித்தனர். சேர்ந்து பணியாற்றும் இந்தியரைத் தம் வீட்டு மேசைக்கு அழைக்காத வழக்கத்தையும் அவர் மறைக்காமல் எடுத்துரைத்தார். இரண்டாண்டு கழித்து ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்ணக்கல்லில் அமர்ந்தார்.

பெருந்தலைச் சாத்தனார் கோடை மலைத் தலைவனிடம் சொன்னதும் அசரியா எடின்பரோவில் சொன்னதும் ஒன்றே என்பது என் துணிபு. அன்பின்றி வரும் கொடை வேண்டா. பெறுபவன் நிமிர்ந்து நின்று சொல்லும் சொல் இது. அசரியா சாத்தனாரைப் படித்திருந்தாரா என்று ஆராய வேண்டுவதில்லை. ஒரு மண்ணின் மானம் ஏட்டின் வழியாக மட்டும் இறங்கி வருவதன்று.

இதில் ஒரு கொடைக்கானல் தொடர்பும் உண்டு. அசரியாவின் உற்ற நண்பர் அமெரிக்கரான ஷெர்வுட் எட்டி. மகனைக் காண வந்த அவருடைய தாயார் மார்கரெட் எட்டியின் பொறுப்பில்தான் 1901-இல் மிஷனெரிப் பிள்ளைகளுக்கான பள்ளி கொடைக்கானலில் தொடங்கிற்று. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் பயிலும் பன்னாட்டுப் பள்ளியாக அது இன்று விளங்குகிறது. மேடையில் கேட்ட நட்பு மெய்யான இரு மனிதரிடையே முன்னரே இருந்தது என்பதை நினைத்தால் அசரியாவின் சொல்லுக்கு வலிமை கூடுகிறது.

அழைப்பு என்பது வானத்திலிருந்து வரும் குரல் என்று நாம் எண்ணுகிறோம். ஐடா ஸ்கடருக்கு அது கதவு தட்டும் ஓசையாக வந்தது. இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அப்பெண் மருத்துவராக வேண்டும் என்றோ மிஷனெரியாக வேண்டும் என்றோ எண்ணியவர் அல்லர். திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தபோது ஓர் இரவில் மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மூன்றாமவர் வேறொரு இந்துக் குடும்பத்தார். மூவர் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்க்கலாகாது என மூவரும் திரும்பிச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அதன்பின் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பி வந்தவர் வேலூரை விட்டு அகலவில்லை.

அவர் மருந்து கொடுத்ததோடு நின்றிருந்தால் நான் இங்கு அவரைப் பேச மாட்டேன். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதன் முதல் அணியில் 14 பேர் 1922-இல் தேறி வெளிவந்தனர். பணியில் பங்கு என்பதன் பொருள் இங்குதான் விளங்குகிறது. கையிலிருக்கும் கருவியையே மற்றவர் கையில் கொடுத்துவிடுவது அது. முதுமையில் கொடைக்கானலில் வாழ்ந்த அவர் 1960-இல் அங்கேயே கண் மூடினார். அவர் போன்றோர்க்கு மலை, உழைத்துக் களைத்தபின் கிடைத்த நிழல். அதை யாரும் மறுக்க வேண்டா.

இனி, மலையை விட்டு அடிவாரத்திற்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரால்ப் ரிச்சர்டு கெய்த்தான் 1898-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பிறந்தவர். 1925-இல் மதுரை மிஷனுக்கு வந்தார். அக்காலத்தில் அயல்நாட்டு மிஷன்கள், ஆளும் அரசுக்கு மாறாக எதுவும் செய்யோம் என ஒப்புதல் தந்த பின்பே இங்கு பணியாற்ற முடிந்தது. ஏழையின் பசியைப் பேசலாம். பசியின் காரணத்தைப் பேசலாகாது என்பதே அதன் உட்கிடக்கை. 1930 மார்ச்சில் காந்தியடிகள் அரசப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்ற ஆங்கில இளைஞர் ரெஜினால்டு ரெனால்ட்ஸ், அதன்பின் மதுரைக்கு வந்தபோது கெய்த்தான் அவருக்குத் தம் வீட்டில் இடமளித்தார். விருந்தோம்பல்தான் குற்றம். அவ்வாண்டே நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தது. மீண்டும் வந்தார். 1944-இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். நாடு விடுதலை பெற்றபின் மூன்றாம் முறையாக வந்தார். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் விருந்தோம்பியதற்காக நாடு கடத்தப்பட்ட இம்மனிதரை மாணவிகளுக்குச் சொல்வது என் வழக்கம்.

விடுதலைக்குப் பின் அவர் கதர் அணிந்து, எளிய உணவுண்டு, சின்னாளபட்டியை அடுத்த காந்திகிராமத்தோடு இணைந்து பணியாற்றினார். மருத்துவர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் தோற்றுவித்த நிறுவனம் அது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் பழனி மலை நீல நிழலாகத் தெரியும். ஒரு காலத்தில் தம்மவர்கள் வெயிலுக்கு அஞ்சி ஏறிய மலை. அவர் ஏறாமல் அடிவாரத்தில் இருந்தார். 1984-இல் மறையும் வரை இந்நாட்டு மனிதராகவே வாழ்ந்தார். சமயம் மாற்றினாரா என்று கேட்பவர்கள் உண்டு. மாறியவர் அவரே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தம் கிறிஸ்துவை விட்டுவிடாமலே மாறினார்.

அவரோடு தொடர்புடைய இளைஞர்களுள் காந்தியத் தொண்டர் ஜெகந்நாதனும் ஒருவர். அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாள் இம்மலையடிவாரத்துப் பட்டிவீரன்பட்டிப் பகுதியில், 1926-இல், ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்தவர். 1968 டிசம்பர் 25-ஆம் நாள், ஆம், கிறிஸ்து பிறந்த நாள் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட செய்தி கேட்டு இருவரும் கீழைத் தஞ்சைக்குச் சென்றார்கள். உழுபவர்க்கு நிலம் பெற்றுத் தருவதே வாழ்வாயிற்று. வள்ளலாரையும் காந்தியையும் நெஞ்சில் வைத்த அவர்களிடம் கெய்த்தான் கேட்ட அதே அழைப்பு வேறு பெயரில் கேட்டிருக்கிறது.

ஒட்டன்சத்திரம் நாமெல்லாம் காய்கறிச் சந்தையால் அறிந்த ஊர். பழனிப் பாதயாத்திரை செல்வோர் கடக்கும் ஊர். கெய்த்தானின் ஊக்கத்தால் அங்கு வந்த மருத்துவர்கள் ஏ.கே. தரியன், ஜேக்கப் செரியன் முதலியோர் 1955-இல் கிறிஸ்டியன் பெல்லோஷிப் மருத்துவமனையைத் தொடங்கினர். அயல்நாட்டு மிஷன் ஒன்றின் கிளையாக அன்றி, இந்நாட்டு இளைஞர்கள் தாமே கூடித் தொடங்கிய முயற்சி என்பதைக் குறித்துக்கொள்க. அசரியா எடின்பரோவில் கேட்டதற்கு 45 ஆண்டுகளுக்குப் பிறகு மலையடிவாரத்தில் கிடைத்த விடையாக அதனை நான் காண்கிறேன்.

செண்பகனூரை விட்டுவிட்டால் கத்தோலிக்க நண்பர்கள் கோபிப்பார்கள். இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரி 1895 முதல் அங்குள்ளது. மதுரை மறைப்பணியின் பழங்கடிதங்களைக் காக்கும் ஆவணக் காப்பகமும் அங்கே உண்டு. நாயக்கர் கால வரலாற்றை அக்கடிதங்களின்றி எழுத இயலாது. அச்சபையின் குரு கே.எம். மேத்யூ, 2004-இல் மறைந்தவர், இம்மலையின் செடி கொடிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பெயரும் இயல்பும் எழுதினார். பழனி மலைத் தாவரங்கள் பற்றிய அவர் நூல் 1999-இல் வெளிவந்தது. மயிலுக்கும் முல்லைக்கும் இரங்கியதைக் கொடைமடம் என்று பாடிய மரபினர் நாம். அவர் இரக்கத்தோடு அறிவையும் சேர்த்தார். குறிஞ்சியைப் பாடும் நம் கவிஞர்கள் 2018-இல் பூத்த மலர் 2030-இல் மீண்டும் பூக்கும் முன் அந்நூலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். கூடவே ஒரு வேடிக்கை. அதே கொடைக்கானலில் 1936-இல் குறிஞ்சியாண்டவர் கோயிலைக் கட்டியவர், ஈழத்துச் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவம் தழுவிய வெள்ளைக்கார அம்மையார் லீலாவதி. மலை யாருக்கும் ஒரே வழியை வகுத்து வைப்பதில்லை.

இவ்வளவும் நூலறிவு. இனிச் சொல்லப்போவது என் தவறு.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவிகளை அழைத்துக்கொண்டு கீழ்மலையில் பளியர் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றேன். தை மாதக் குளிர். நாற்பது கம்பளிகள் கொண்டுசென்று வழங்கினோம், படமும் எடுத்துக்கொண்டோம். பேகனைப் பற்றி மாணவிகளுக்கு அங்கேயே ஒரு சிற்றுரையும் ஆற்றினேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கம்பளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பாட்டி ஒருவர், "நீங்க எழுதத் தெரிஞ்சவங்களாம்மா?" என்று கேட்டார். பேரன் பத்தாம் வகுப்புத் தேறியிருந்தான். மேலே படிக்க, விடுதியில் சேர, சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு மனு எழுத ஆளில்லை.

எழுதிக் கொடுத்தேன். அலுவலகம் ஒன்றுக்கு நானே எடுத்துச் சென்றேன். தந்தையின் சான்றிதழைக் கேட்டார்கள். அவருக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. இரண்டாம் முறை சென்றேன். மூன்றாம் முறை அதிகாரி விடுப்பில் இருந்தார். அதன்பின் விடைத்தாள் திருத்தும் காலம் வந்தது, கருத்தரங்கு வந்தது, நான் போகவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் விடாமுயற்சியால் சான்றிதழ் கிடைத்தது. அதற்குள் பையன் காய்கறி மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான். சுமையாளர்களின் பெயரை வரலாறு எழுதவில்லை என்று சற்று முன் குறைப்பட்டேன் அல்லவா? அந்த வரிசையில் ஒருவனைச் சேர்த்த கை என்னுடையது.

சென்ற மார்கழியில் மீண்டும் அக்குடியிருப்புக்குச் சென்றேன். பாட்டி என்னை மறக்கவில்லை; கடிந்தும் பேசவில்லை. நான் தந்த கம்பளி வாசலில், பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டியின் மேல் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "எனக்கு அடுப்பு இருக்கும்மா. அதுக்குத்தான் குளிரு தாங்காது" என்றார். பிறகு அடுத்த குடிசையிலிருந்து ஒரு சிறுமியைக் கூட்டி வந்து என் முன் நிறுத்தினார். இவளுக்கும் அதே தாள் வேண்டுமாம். "இந்தத் தடவை பாதியில விட்டுறாதீங்க" என்றார்.

விடவில்லை. அச்சிறுமியின் மனு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அவளோடு இன்னும் பதினொரு பேர் மனுக்கள் உள்ளன. வன உரிமைச் சட்டத்தின்கீழ் நிலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டிய குடும்பங்களும் இருக்கின்றன. நம் வட்டத்திலிருந்து நால்வர் என்னோடு வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுள் இருவர் புதுக்கவிதை எழுதுபவர்கள், ஒருவர் வெண்பா எழுதுபவர். மூவரும் வழியெல்லாம் சண்டையிட்டுக்கொண்டே வருகிறார்கள். மனு எழுதுவதில் மட்டும் ஒற்றுமை. நான்காமவர் ஓய்வு பெற்ற எழுத்தர். உண்மையில் அவர்தான் எங்கள் ஆசிரியர்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிப் பேருந்தில் புறப்படுகிறோம். வர விரும்பும் கவிஞர்கள் விழா முடிந்தபின் வாயிலருகே என்னிடம் பெயர் கொடுக்கலாம். எழுதுகோல் போதும், கம்பளி வேண்டா.